தலைப்பாகைக்குக் கீழே ஒரு முகம்

காவிரிக் கரை ஊர்களில் உருவப்படம் வரைகிறவருக்கு வேலை பெரும்பாலும் சாவு வீட்டிலிருந்துதான் வரும். காரியத்துக்குள் படம் வேண்டும் என்பார்கள். கையில் கொண்டுவருவது ரேஷன் கார்டிலிருந்து உரித்தெடுத்த ஒரு சின்னப் படமாக இருக்கும். இல்லாவிட்டால் யாருடைய கல்யாணத்திலோ மூன்றாவது வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்கிற குரூப் போட்டோ. "கொஞ்சம் சிரிச்ச மாதிரி போட்டுடுங்க" என்பார் மகன். "கலரைத் தூக்கிக் காட்டுங்க" என்பார் மருமகன். "நெத்தியில விபூதி விட்டுப்போயிடக் கூடாது" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். பதினாறாம் நாள் பந்தலில் மாலையோடு படம் நிற்கும்போது, வந்தவர்கள் "அப்படியே இருக்கார்" என்றால் பேசிய கூலி கிடைக்கும். ஊரிலிருந்து வந்த அத்தை ஒருத்தி "என்னமோ மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டால் பேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இந்தத் தொழிலில் தலை நரைத்த ஓவியர் ஒருவர் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வரைந்த படங்களுக்கு அவர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் தொழில் எங்கே பிடிபட்டது என்று கேட்டால் யோசிக்காமல் ஒரு படத்தைச் சொல்கிறார். அது கூலிக்கு வரைந்ததல்ல. 1990-களின் தொடக்கத்தில், கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, செத்து முக்கால் நூற்றாண்டு ஆன ஒரு பத்திரிகையாசிரியருக்கு மரியாதையாக வரைந்தது. அந்த ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

பத்திரிகை ஓவியர் கோபுலு படித்த ஊர் கும்பகோணம். அந்த ஊரில் படம் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளுக்குப் பத்திரிகைப் படம் என்றால் தனி மயக்கம் இருந்தது. கடைசி ஆண்டில், தாங்கள் மதிக்கும் ஒருவரை வரைந்து கொடுக்கச் சொன்னார்கள். வகுப்பில் பாரதி, காந்தி, பெரியார், இளையராஜா என்று பெயர்கள் வரிசையாக விழுந்தன. இவர் சுப்பிரமணிய ஐயர் என்றதும் பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "எந்தப் படத்துல நடிச்சாருடா?" என்றான். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "ஏன் அவரு?" என்று மட்டும் கேட்டார்.

காரணம் தாத்தா. திருவையாற்றை ஒட்டிய கிராமத்தில், சுதேசமித்திரன் வாங்கிப் படித்துக்கொண்டிருந்த தலைமுறை அவருடையது. பத்திரிகையை மடிக்கும்போதெல்லாம், "இதை ஆரம்பிச்சவரு நம்ம ஊர்க்காரருடா" என்பாராம். ஊர்க்காரர் என்ற ஒரே உரிமைதான் மூலதனம். ஐயர் 1855 ஜனவரி 19 அன்று திருவையாற்றில் பிறந்தவர். தந்தை அங்கே முன்சீப் கோர்ட்டில் வக்கீல். பிள்ளை தஞ்சாவூரில் படித்து, சென்னைக்குப் போய்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். தியாகையரின் சமாதி இருக்கிற ஊர் என்று உலகத்துக்கே தெரிந்த திருவையாற்றில், ஒரு பத்திரிகைக்காரரும் பிறந்தார் என்பதை நினைவில் வைத்திருந்தவர்கள் அப்போதே குறைவு.

"சரி, படம் எங்க?" என்றார் ஆசிரியர்.

படம்தான் சிக்கல். மாணவர் கைக்குக் கிடைத்தது பழைய புத்தகம் ஒன்றில் அச்சான ஒரு சின்னப் படத்தின் ஜெராக்ஸ். தலைப்பாகை தெரிந்தது, முகம் இருப்பது தெரிந்தது. கழுத்துக்குக் கீழே ஒரே கறுப்பு. பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தால் முகம் பெரிதாகவில்லை. அச்சுப் புள்ளிகள்தான் பெரிதாயின. கண் இருந்த இடத்தில் நாலைந்து கறுப்புப் பொட்டு. இதை வைத்துக் கட்டம் போட்டு வரைந்தால் பொட்டு பொட்டாக ஒரு தலைப்பாகைதான் வரும்.

கட்டம் போடுவதைக் கேவலமாகப் பேசும் ஓவியர்கள் உண்டு. நம் ஓவியர் அந்தக் கட்சியில்லை. சைன் போர்டு எழுதுகிறவர்களும் சினிமா பேனர் வரைந்தவர்களும் கட்டம் போட்டே இருபதடி, முப்பதடி முகங்களை ஏற்றியவர்கள். சின்னப் படத்தின் மேல் பென்சிலில் கட்டம், பெரிய தாளில் அதே விகிதத்தில் கட்டம், ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போனால் அளவு தப்பாது. ஆனால் மூலப் படத்தில் இருக்கிற விஷயத்தைத்தான் கட்டம் கடத்தும். இல்லாததைக் கொடுக்காது. ஐயர் படத்தில் இல்லாதது நிறைய.

"முதல்ல ஆளைப் படி. அப்புறம் படத்தைப் படி. அதுக்கப்புறம் பென்சிலைத் தொடு" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மாணவருக்குக் கோபம். படம் வரைய வந்தவனை நூலகத்துக்கு அனுப்புகிறார்களே என்று.

நூலகத்தில் கிடைத்த கதை அவரை உட்கார வைத்தது. 1878-இல் டி. முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தபோது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் குதித்தன. ஒரு இந்தியர் அந்த நாற்காலியில் உட்காரலாமா என்று எழுதின. பதில் சொல்ல இந்தியர் கையில் ஒரு பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் கூடினார்கள். இரண்டு பேர் வாத்தியார்கள், நான்கு பேர் சட்டம் படிக்கிறவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, கறுப்பர் நகரத்தில் ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 பிரதிகள் அச்சடித்து, 1878 செப்டம்பர் 20 அன்று 'தி ஹிந்து'வை வாரப் பத்திரிகையாக வெளியிட்டார்கள். ஆசிரியரான ஐயருக்கு அப்போது 23 வயது. கூட நின்ற இன்னொரு வாத்தியார் வீரராகவாச்சாரியார் இன்னும் இளையவர்.

மாணவருக்கும் கிட்டத்தட்ட அதே வயது. உடனே மனசு தாவியது: இருபத்து மூன்று வயது ஐயரை வரைந்துவிடலாம். கடன் வாங்கிப் பத்திரிகை போட்ட பையனின் முகம் எவ்வளவு துடிப்பாக இருக்கும்! ஆசிரியரிடம் சொன்னார்.

"அந்த வயசுப் படம் வச்சிருக்கியா?"

"இல்ல சார். கற்பனையா..."

"கற்பனையா போட்டா அது தொடர்கதைக்குப் படம் தம்பி. உருவப்படம்னா அந்த முகம் ஒருநாள் கேமரா முன்னாலயோ உன் முன்னாலயோ இருந்திருக்கணும்."

இந்தக் கண்டிப்பை எல்லா ஓவியர்களும் ஏற்க மாட்டார்கள். ராஜராஜ சோழனுக்கும் திருவள்ளுவருக்கும் நாம் முகம் கொடுத்து, தபால்தலை வரைக்கும் கொண்டு போயிருக்கிறோமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் புகைப்படக் காலத்தில் வாழ்ந்த மனிதருக்குக் கற்பனை முகம் கொடுத்தால், நாளைக்கு உண்மையான படம் கிடைக்கும்போது நம் படம் பொய்ச் சாட்சியாகிவிடும். அதுவும் பத்திரிகைக்காரருக்கு.

எந்த வயது என்ற கேள்வியைக் கிடைத்த படம் ஓரளவு தீர்த்துவிட்டது. அதில் வயது ஐம்பதை ஒட்டியிருக்கும் என்பது ஓவியரின் கணிப்பு. அதாவது அந்த முகத்துக்குப் பின்னால் என்னென்ன நடந்து முடிந்திருந்தது என்று பட்டியல் போட முடிந்தது. 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் முதன்முதலாகக் கூடியபோது முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் இவர். 72 பேர் கூடிய சபை அது. 1882-இல் தமிழில் சுதேசமித்திரனைத் தொடங்கியாயிற்று. 1889-இல், சின்ன வயதில் விதவையான தன் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தாயிற்று. ஊரும் உறவும் விலகி நின்றன. சீர்திருத்தம் என்று தலையங்கம் எழுதியவர்கள் பலர்; தன் வீட்டுக்குள் செய்து காட்டியவர்கள் மிகச் சிலர். 1897-இல் லண்டன் போய், இந்தியச் செலவுகளை ஆராய்ந்த வெல்பி கமிஷன் முன் சாட்சி சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு, தான் வளர்த்த ஹிந்துவை விட்டு விலகினார். சுதேசமித்திரன் மட்டும் கையில் மிஞ்சியது. 1899-இல் அதை நாளிதழ் ஆக்கினார். 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த ஒரு இளைஞனை அழைத்துவந்து உதவி ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தார். வகுப்பில் பாதிப் பேர் வரைந்துகொண்டிருந்த பாரதி அது.

இதை மாணவர் வகுப்பில் சொன்னபோது பின்பெஞ்சுக்காரன் வாயை மூடிக்கொண்டான் என்கிறார் ஓவியர். இன்னும் அதில் ஒரு சந்தோஷம் அவருக்கு.

ஆளைப் படித்தாயிற்று. அடுத்து படம்.

அந்தக் காலத்துப் புகைப்படத்தைப் பார்த்து வரைகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இது கல்லூரியில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிளேட்டுகளுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. நீலத்துக்கு அதிகமாகவும் சிவப்புக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமலும் அவை வேலை செய்தன. அதனால் குங்குமம் கறுப்பாக விழும். உதடு கறுக்கும். நம்முடைய பழுப்புத் தோலில் சிவப்பு ஓடுவதால் முகமே இருப்பதைவிட இருட்டாக, சுருக்கங்கள் இருப்பதைவிட ஆழமாகத் தெரியும். வெள்ளைத் துணி வெளுத்து, மடிப்புகள் காணாமல் போகும். பழைய படங்களில் நம் தாத்தாக்கள் எல்லோரும் ஏன் அவ்வளவு கறுப்பாக, அவ்வளவு முறைப்பாக இருக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம். அசையாமல் உட்கார வைத்தது இன்னொரு காரணம். அந்த நிழலை அப்படியே 6பி பென்சிலில் இறக்கினால், வரைந்தவர் நேர்மையாக வரைந்ததாக நினைத்துக்கொள்வார். படத்தில் இருப்பவர் அவரல்லாத ஒருவராக இருப்பார்.

ஆகவே ஜெராக்ஸில் இருந்த கறுப்பை மூன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. எது உண்மையான நிழல், எது பிளேட்டின் கோளாறு, எது அச்சு மையின் கசிவு. ஆசிரியர் சொல்லிக்கொடுத்த வழி எளிமையானது. மூக்குக்கு அடியில் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார். வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று அது காட்டிக்கொடுக்கும். அந்த வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கறுப்பு நிழல். வெளிச்சம் பட்ட பக்கத்தில் இருக்கும் கறுப்பைச் சந்தேகப்படு.

தலைப்பாகை இன்னொரு தொல்லை. முகத்தின் அளவு எல்லா மாணவர்களுக்கும் மனப்பாடம். உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் நடுவில் கண். புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை எவ்வளவோ, மூக்கின் அடியிலிருந்து முகவாய் வரை அவ்வளவு. ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் இடையே ஒரு கண்ணின் அகலம். காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் நடுவில். ஆனால் தலைப்பாகை கட்டிவிட்டால் உச்சந்தலை எங்கே என்று தெரியாது. புதிதாக வரைகிறவர்கள் துணியின் மேல்விளிம்பையே தலையின் உச்சியாக எடுத்துக்கொண்டு கண்ணை மேலே தூக்கிவிடுவார்கள். பள்ளிக்கூடப் போட்டிகளில் பாரதி பாதிப் படங்களில் நெற்றியே இல்லாமல் முறைப்பதற்கு இதுதான் காரணம். மண்டையை முதலில் லேசாகப் போட்டு, அதன் மேல் துணியைச் சுற்ற வேண்டும். துணிக்குள் தலை இருக்க வேண்டும்.

துணி எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்க, ஆற்றங்கரைப் படித்துறையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரைப் பிடித்தார் மாணவர். காதோரம் எலும்பு எடுப்பாக, கன்னம் ஒடுங்கி, நல்ல மூக்கு. அவருடைய அங்கவஸ்திரத்தையே தலைப்பாகையாகச் சுற்றி, பக்கவாட்டு வெயிலில் உட்கார வைத்து வரையத் தொடங்கினார். "எனக்கு எதுக்குடா தம்பி இப்ப பட்டாபிஷேகம்?" என்று பெரியவர் கேட்டாராம். காபி வாங்கிக் கொடுத்த பிறகு அசையாமல் உட்கார்ந்தார். அந்தப் பெரியவரின் முகம் எதுவும் ஐயர் படத்தில் வரவில்லை. துணியின் மடிப்பும், அது நெற்றியில் போடும் நிழலும், காதுக்கு மேல் அது அழுந்துகிற இடமும் அவரிடமிருந்து எடுத்தவை. கண்ணுக்கு முன்னால் ஒரு ஆளை வைத்துச் செத்தவரைப் புரிந்துகொள்ளும் இந்தப் பழக்கத்தை ஓவியர் இன்றுவரை விடவில்லை. காரியப் படம் வரையும்போது, இறந்தவரின் மகனையோ மகளையோ அரை மணி நேரம் எதிரில் உட்காரச் சொல்வார். தாடையும் காதும் வாரிசுகளிடம் இருக்கும் என்பார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயம் மாணவரைப் பல நாள் தடுத்து நிறுத்தியது. சுப்பிரமணிய ஐயர் கடைசிக் காலத்தில் கடுமையான தோல் நோயால் அவதிப்பட்டவர். 1908-இல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானபோதே உடல் நலிந்துதான் இருந்தது. 1915-இல் சென்னைக்கு வந்த காந்தி அவரைப் பார்க்கப் போனதாகவும், புண்ணிலிருந்து வழிந்ததைத் தம் துணியாலேயே துடைத்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆண்டிலேயே சுதேசமித்திரன் ஏ. ரங்கசாமி ஐயங்கார் கைக்குப் போனது. 1916 ஏப்ரல் 18 அன்று ஐயர் காலமானார்.

புண்ணைப் போடுவதா, விடுவதா?

மரியாதைக்கு வரைகிற படத்தில் புண் எதற்கு என்று சக மாணவர்கள் சொன்னார்கள். மறைத்தால் அது பொய்யில்லையா என்று இவருக்குக் குழப்பம். ஆசிரியர் இதில் தீர்ப்புச் சொல்லவில்லை. கே.எம். ஆதிமூலம் 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். ஏறக்குறைய நூறு படங்கள் வரைந்தவர் அவர். இளைஞனிலிருந்து கிழவர் வரைக்கும் ஒரே மனிதர். ஒவ்வொன்றிலும் கோடு வேறு. எந்தப் படத்திலும் எல்லா காந்தியும் இல்லை. அதைப் பார்த்த பிறகு மாணவர் முடிவெடுத்தார். தன்னிடம் இருக்கும் படத்தின் காலத்து முகத்தை வரைவது. அதில் இல்லாத நோயைக் கொண்டுவந்து ஒட்டாமல் இருப்பது. அதே சமயம் கண்ணுக்குக் கீழே இருக்கும் வீக்கத்தையும் களைப்பையும் ரப்பர் வைத்துத் துடைக்காமல் இருப்பது. காரியப் படத்துக்கு வருகிறவர்கள் முதலில் துடைக்கச் சொல்வது அந்தக் களைப்பைத்தான்.

இன்னொரு சண்டை பேனாவுக்காக. பத்திரிகையாசிரியர் என்றால் கையில் பேனா, பின்னால் அச்சு இயந்திரம், ஓரத்தில் பத்திரிகையின் தலைப்பு என்று மாணவர் மாதிரிப் படம் போட்டு வைத்திருந்தார். ஆசிரியர் ஒவ்வொன்றாகக் கையால் மறைத்துக் காட்டினார். "இதெல்லாம் எடுத்துட்டா ஆளு யாருன்னு தெரியுதா? தெரியலைன்னா நீ இன்னும் முகம் வரையல. போர்டு எழுதியிருக்க." பேனா போனது. அச்சு இயந்திரம் போனது. மார்பளவு, தலைப்பாகை, முகம் மட்டும் மிஞ்சியது. கறுப்பில் மூழ்கியிருந்த உடை எது என்று தெரியாததால், தோளுக்குக் கீழே சில கோடுகளோடு தாளை வெறுமையாக விட்டுவிட்டார். அந்த வெற்றிடம் படத்துக்கு அழகாக அமைந்துவிட்டது என்று இப்போது சிரிக்கிறார்.

வரைந்த முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார்ட்ரிட்ஜ் ஷீட். 2ஹெச் பென்சிலில் அளவு. அதன் மேல் ஹெச்பி, 2பி, கடைசியில் கொஞ்சம் 6பி. பென்சிலில் களிமண் கூடினால் கோடு கெட்டியாகி வெளுக்கும், கிராஃபைட் கூடினால் கறுத்து மெதுவாகும். ஆனால் 6பியை அழுத்தினால் தாள் பளபளக்கும், வெளிச்சத்தில் படம் கண்ணாடியடிக்கும். அதனால் கறுப்பு வேண்டிய இடத்தில் அழுத்தாமல், குறுக்கும் நெடுக்கும் கோடுகளாக அடுக்கி ஏற்றினார். விரலால் தேய்க்கவே கூடாது என்பது ஆசிரியரின் சட்டம். தேய்த்தால் தோல் எண்ணெய் போலாகிவிடும், வயது போய்விடும்.

கண்ணை மட்டும் கடைசிக்கு வைத்தார். கண்ணிலிருந்து தொடங்குகிறவர்களும் உண்டு, இரண்டும் சரிதான். ஜெராக்ஸில் கண்மணியில் வெளிச்சப் புள்ளி இல்லை. புள்ளி வைக்காவிட்டால் முகம் உயிரில்லாமல் இருக்கும். மூக்கு நிழல் சொன்ன திசையில், மேல் இமையை ஒட்டி, மிகச் சின்னதாக ஒன்று வைத்தார். அந்தப் படத்தில் அவர் தானாகச் சேர்த்த ஒரே விஷயம் அது.

கல்லூரி மதிப்பெண் கொடுத்து முடித்த பிறகு, படத்தைத் தாத்தா சொல்லி ஊர் வாசகசாலையில் மாட்ட ஏற்பாடானது. தமிழ்நாட்டில் பெரியவர்களுக்கு மரியாதை செய்ய நமக்குத் தெரிந்த வழி படத்திறப்பு. சட்டமன்றத்திலிருந்து கீற்றுக் கொட்டகை வாசகசாலை வரை அதே சடங்கு: திரை, கயிறு, மாலை, பேச்சு. அழைப்பிதழில் படம் போட வேண்டும் என்றார்கள். பென்சில் படத்தை உள்ளூர் அச்சகத்தில் கொடுத்தால் சேறாக வரும். எனவே கறுப்பு மையில் கோடும் புள்ளியுமாக மறுபடி சிறிதாக வரைய வேண்டியிருந்தது. மட்டமான தாளிலும் கலங்காமல் அச்சாவது இந்த வகைதான். அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை, கெவின் ஸ்ப்ரவுல்ஸ் என்ற ஓவியரைக் கொண்டு 1979-இல் இப்படிப் புள்ளிகளால் ஆன முகப் படங்களைத் தொடங்கி, புகைப்படம் மலிந்த பிறகும் தன் அடையாளமாகவே வைத்துக்கொண்டது. நம் பத்திரிகைகளில் மாலியும் கோபுலுவும் வளர்த்த கோட்டு மரபு அதற்கும் மூத்தது. நாம்தான் அதைச் சிரிப்புப் படத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

திறப்பு நாளில் கூட்டம் பெரிதாக இல்லை. பேசியவர்கள் காங்கிரஸைப் பற்றி அதிகமும் பத்திரிகையைப் பற்றிக் குறைவாகவும் பேசினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு விவசாயி எழுந்து வந்து படத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, "இவரு வாத்தியாரா?" என்று கேட்டார். ஐயர் வாத்தியாராக இருந்தவர் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மேடையில் பேசியவர்களும் சொல்லவில்லை. தொழிலில் தனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைத்தான் ஓவியர் முதலில் வைக்கிறார். அப்படியே இருக்கார் என்று சொல்ல அங்கே ஐயரை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லையே.

இப்போது அவரிடம் படம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் செல்போனோடு வருகிறார்கள். 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஒரு மாணவி அவர் முகத்தை வரைந்து கொண்டுவந்தாள். 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் புகைப்படச் செய்தியாளர் டேனிஷ் சித்திக்கி இறந்தபோது ஒரு பையன். 2022 மே 11 அன்று ஜெனினில் செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே கொல்லப்பட்டபோது இன்னொருவன். மூவரும் திரையில் முதலில் வந்த படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முடியையும் பிசகாமல் இறக்கியிருந்தார்கள். கைத்திறனில் இன்றைய பிள்ளைகள் தன் தலைமுறையைத் தாண்டிவிட்டார்கள் என்று ஓவியர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் உலகம் முழுக்க அன்றைக்கு எல்லோரும் வரைந்தது அதே படம், அதே கோணம், அதே வெளிச்சம். அச்சுப் பொறி அதைச் சுலபமாகச் செய்துவிடும்.

மாணவியிடம் அவர் கேட்டது, "அவங்க எழுதினதுல ஏதாவது படிச்சியா?" கௌரி தன் பத்திரிகையில் எழுதியது கன்னடத்தில். அந்தப் பெண் தேடிப்போய் மொழிபெயர்ப்பில் சில கட்டுரைகளைப் படித்துவிட்டு வந்து, பழைய படத்தைக் கிழிக்காமல் பக்கத்திலேயே புதிதாக ஒன்று வரைந்தாள். அதில் முடி அவ்வளவு துல்லியமில்லை. வாய் மட்டும் ஏதோ சொல்லப் போகிற மாதிரி இருந்தது. இரண்டில் எது நல்ல படம் என்று கேட்டால் ஓவியருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. டேனிஷ் சித்திக்கியை வரைந்த பையனை, அவர் எடுத்த புகைப்படங்களில் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னார். ரோஹிங்கியா அகதிகளைப் பற்றிய படங்களுக்காக 2018-இல் புலிட்சர் பரிசு பெற்ற ராய்ட்டர்ஸ் குழுவில் இருந்தவர் டேனிஷ். பையனுக்கு முதலில் ஏமாற்றம். ஆளை விட்டுவிட்டு அவர் பார்த்ததை வரைவதா என்று. பிறகு அந்த வகுப்பில் அது வழக்கமாகிவிட்டது. பத்திரிகையாளரை வரைய வேண்டுமென்றால், அவர் எழுதியதையோ எடுத்ததையோ முதலில் கொண்டுவர வேண்டும். கொண்டுவராதவர்களுக்கு அன்று தாள் கிடையாது.

ஐயரின் படம் இப்போது எங்கே என்று கேட்டேன். வாசகசாலைக் கட்டடத்தை இடித்தபோது சாமான்கள் பல வீடுகளுக்குப் போயின. படம் யார் வீட்டுக்குப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அவரிடம் இருப்பது அந்த அழைப்பிதழ் ஒன்றுதான்: பழுப்பேறிய தாளில், கட்டை விரல் அளவுக்கு, கோடும் புள்ளியுமாக.

அவர் மூலமாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய சுதேசமித்திரன் இதழோ, வார மலரோ, ஆண்டு மலரோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பழைய குரூப் போட்டோக்கள் இருந்தால், அடையாளம் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, யார் யார் என்று பின்பக்கம் எழுதி வையுங்கள். பால்பாயின்ட் பேனாவில் வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். மெதுவான பென்சில் போதும்.